சொல்லப்படாத நோய்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் வள்ளுவரின் வாய்மையையோ, இளங்கோவடிகளின் காப்பியச் சிறப்பையோ, கன்னட நாட்டில் நாம் ஒற்றுமையுடன் வாழ வேண்டிய முறையையோ பேசுதல் வழக்கம். நானும் முன்னர் அவ்வாறே பேசியிருக்கிறேன். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் தலைப்பைக் கேட்டபோது, ‘பெண்களுக்கு உண்டாகும் கருப்பைக் கட்டியும் சிறுநீரை அடக்க இயலாத துன்பமும்’ என்றேன். அவர் சற்றே திகைத்து, “ஐயா, தாய்மார்கள் அமர்ந்திருக்கும் அவையில் இதனைப் பேசலாமா?” என்றார். “தாய்மார்கள் அமர்ந்திருக்கும் அவை என்பதனால்தான் பேச விரும்புகிறேன். ஆடவரும் அமர்ந்திருப்பார்கள் என்பதனால் இன்னும் மிகுதியாக விரும்புகிறேன்” என்று விடை கூறினேன். பெருந்தன்மையுடன் இசைந்த அவருக்கு முதற்கண் என் நன்றி.

நான் மருத்துவன் அல்லேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் குமாஸ்தாவாக ஊழியம் செய்பவன். மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும், நூல்களில் படித்துத் தெளிந்ததையும், என் குடும்பத்தில் கண்டு வருந்தியதையுமே சொல்லப் போகிறேன். மருத்துவர் சொல்ல வேண்டியதை நான் சொல்லப் போவதில்லை. மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைச் சொல்லப் போகிறேன்.

என் தமக்கையின் கதை

எனக்கு ஒரு தமக்கை உண்டு. தாய்க்குத் தாயாக இருந்து என்னை வளர்த்தவர். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணம் ஒன்றிற்காக நாங்கள் குடும்பத்தோடு சோலையார்பேட்டைக்குப் புறப்பட்டோம். கன்டோன்மென்ட் நிலையத்தில் வண்டி வந்து நின்றுவிட்டது. தமக்கையைக் காணோம். பிளாட்பாரத்தின் கோடியிலுள்ள கழிப்பறைக்குச் சென்றிருந்தார். வீட்டில் ஒரு முறை, வழியில் ஒரு முறை, நிலையத்தில் இரண்டாம் முறை! இரயில்வே ஊழியனாகிய நானே வண்டியைத் தவற விடுவதா என்ற சினத்தில், எல்லார் முன்னிலையிலும், “அக்கா, உங்களுக்கு இது ஒரு பழக்கமாகவே போய்விட்டது. சின்னக் குழந்தையா நீங்கள்?” என்று கடிந்துகொண்டேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டி புறப்பட்டதும் சன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பங்காருப்பேட்டை தாண்டும் வரையில் ஒரு சொல் இல்லை. என் மனைவி நீட்டிய தண்ணீரையும் அவர் வாங்கவில்லை. அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

மூன்று திங்கள் கழிந்தபின், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி மயங்கி விழுந்தார். இரத்தப் பரிசோதனை செய்தார்கள். பெண்களுக்கு 100 மில்லி இரத்தத்தில் குறைந்தது 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவருக்கு 7 கிராம்கூட இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையின் முன்புறச் சுவரில் ஒரு கட்டி, தேங்காய் அளவிற்கு வளர்ந்து சிறுநீர்ப்பையின்மேல் சாய்ந்து கிடந்தது. அடிக்கடி கழிப்பறைக்கு ஓடியது பழக்கத்தினால் அன்று. அந்தக் கட்டி அழுத்தியதனால்! ஆறு ஆண்டுகளாக மாதவிலக்கில் மிகுதியாக இரத்தம் போய்க்கொண்டிருந்ததையும், இருமினால் சேலை நனைந்துவிடுமென்று அஞ்சிக் கோயிலுக்குப் போவதையே நிறுத்தியிருந்ததையும் அப்போதுதான் என் மனைவியிடம் சொல்லி அழுதார். ஆறு ஆண்டுகள்! ஒரே கூரையின் கீழ்!

“ஏன் அக்கா முன்னரே சொல்லவில்லை?” என்று கேட்டேன். “யாரிடம் தம்பி சொல்வது? இதையெல்லாம் சொல்வார்களா?” என்றார். அந்தக் கேள்விக்கு விடையாகவே இன்று இம்மேடையில் நிற்கிறேன். “என் பெயரை மட்டும் சொல்லாதே, மற்றதையெல்லாம் சொல்” என்று அவரே அனுமதி தந்திருக்கிறார்.

நோயையும், அதன் வேரையும், அது தணியும் வழியையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் நமக்குக் காட்டும் முறை. அந்த முறையிலேயே நானும் செல்கிறேன்.

நோய் யாது?

கருப்பை என்பது தசையால் ஆகியதோர் உறுப்பு. மகப்பேறு இல்லாத காலத்தில் ஏறத்தாழ மூடிய கைப்பிடி அளவினது. 7 அல்லது 8 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதன் தசையிலிருந்தும் நாரிழைகளிலிருந்தும் உருண்டு திரண்டு வளரும் கட்டியே ‘பைப்ராய்டு’ என்று மருத்துவர் வழங்குவது. தமிழில் நார்க்கட்டி எனலாம். கடுகளவாகவும் இருக்கும், பூசணிக்காய் அளவாகவும் வளரும். ஒன்றாகவும் இருக்கும், பலவாகவும் இருக்கும்.

இதனை அருமையான நோய் என்று எண்ண வேண்டா. ஐம்பது வயதை எட்டும் பெண்களை ஸ்கேன் செய்து பார்த்தால், பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்குச் சிறிதோ பெரிதோ ஒரு கட்டி தென்படுகிறது என்கிறார்கள். அவருள் பெரும்பாலோர்க்கு எத்தொல்லையும் இல்லை. கட்டி இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்போர் பலர்.

மற்றொன்றையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இது புற்றுநோய் அன்று. ‘கட்டி’ என்ற சொல்லைக் கேட்டவுடன் வீடே கலங்கிவிடுகிறது. நார்க்கட்டி என்று கருதப்பட்டது புற்றாக இருப்பது மிக மிக அரிது. ஆகவே அச்சம் வேண்டா, அசட்டையும் வேண்டா.

கட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே தொல்லை அமைகிறது. கருப்பையின் உட்குழியை நோக்கி வளர்ந்தால், அளவிற் சிறியதாயினும் இரத்தப்போக்கு மிகும். சுவரின் நடுவில் வளர்ந்தால் வலியும் போக்கும் உண்டாகலாம். வெளிப்புறமாக வளர்ந்தால் இரத்தப்போக்கு இல்லாமலே அண்டை உறுப்புகளை நெருக்கும்.

இந்த நெருக்கத்தை எங்கள் துறையின் உவமையால் விளக்குகிறேன். இடுப்பெலும்பின் கூட்டிற்குள் மூன்று பிரயாணிகள் ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். முன்னே சிறுநீர்ப்பை, நடுவே கருப்பை, பின்னே மலக்குடல். நடுவில் இருப்பவர் பருத்துக்கொண்டே போனால் மற்ற இருவரும் என் செய்வர்? 400, 500 மில்லி நீரைத் தாங்க வேண்டிய சிறுநீர்ப்பை, பாதி நிரம்புவதற்குள்ளாகவே ‘இடமில்லை’ என்று மணி அடிக்கிறது. பின்னே மலச்சிக்கல். சிலருக்குக் கட்டி சிறுநீர்க் குழாயின் வாயை நெருக்கி, நீர் இறங்காமலே தடைப்பட்டு நிற்கும். அல்லது முழுவதும் கழியாமல் நிரம்பித் துளித்துளியாக வழியும். இன்னும் பெரிதானால் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்களையே அழுத்திச் சிறுநீரகத்திற்குத் தீங்கு செய்வதும் உண்டு.

அதன் வேர் யாது?

நார்க்கட்டி ஏன் தோன்றுகிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. பெண்ணுடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்னும் இயக்குநீர்கள் அதனை வளர்க்கின்றன. ஆதலால் முப்பதிலிருந்து ஐம்பது வயது வரையில் வளர்ந்து, மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் சுருங்குகிறது. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. உடற்பருமனும் ஒரு காரணம். ‘உடற்சூடு’, ‘கண்ணேறு’, ‘முற்பிறவி வினை’ என்று வீட்டில் பேசிக்கொள்வதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. பாவம், பழிச்சொல் சுமக்க வேண்டிய குற்றம் எதனையும் அப்பெண் செய்யவில்லை.

சிறுநீரை அடக்க இயலாமைக்கோ காரணங்கள் பல. கட்டி அவற்றுள் ஒன்றே. இதனை நாங்கள் பின்னர்தான் அறிந்தோம்.

இருமும்போதும், தும்மும்போதும், வாய்விட்டுச் சிரிக்கும்போதும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் கசிவது ஒரு வகை. சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் பிள்ளைப்பேற்றினாலும், வயதினாலும், நாட்பட்ட இருமலாலும், மலச்சிக்கலாலும், உடற்பருமனாலும் தளர்வதே இதற்குக் காரணம். வீட்டுக் கதவின் பூட்டைத் திறப்பதற்குள், அல்லது குழாயில் நீர் விழும் ஓசையைக் கேட்டவுடன், தாங்க முடியாத அவசரம் தோன்றிக் கழிப்பறையை அடையுமுன் கழிந்துவிடுவது மற்றொரு வகை. இது சிறுநீர்ப்பை காலமல்லாத காலத்தில் சுருங்குவதால் வருவது. இரண்டும் கலந்து வருவோரும் உண்டு. நிரம்பி வழியும் மூன்றாம் வகையை முன்னரே சொன்னேன். இவையன்றி நீரிழிவும், சிறுநீர்த் தொற்றும் அடிக்கடி போகச் செய்யும். எனவேதான் ‘வயதாகிவிட்டது, அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் இன்ன வகை என்று மருத்துவர் கண்டறிவது இன்றியமையாததாகிறது.

தணியும் வழி யாது?

தொல்லை தராத கட்டிக்கு மருந்தே வேண்டா; குறித்த காலத்தில் பார்த்துவந்தால் போதும். இரத்தம் குறைந்திருந்தால் முதலில் இரும்புச் சத்து கொடுத்து அதனை நிரப்புவர். இரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரைகளும், இயக்குநீர் கலந்து கருப்பைக்குள் பொருத்தும் சிறு சாதனமும் உள்ளன. கருப்பையின் உட்குழியிலுள்ள கட்டியை வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே கருவி செலுத்தி நீக்கலாம். பாரிஸ் நகர மருத்துவர் ழாக் ரவீனா என்பாரும் அவர் குழுவினரும் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. கட்டிக்குச் செல்லும் இரத்தக் குழாயை நுண்ணிய துகள்களால் அடைத்து, உணவின்றி அது சுருங்கும்படி செய்வது அம்முறை.

கருப்பையை எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றலாம் என்று உலகிற்கு வற்புறுத்திக் காட்டியவருள் தலைசிறந்தவர் இலண்டன் மருத்துவர் விக்டர் போனி. 1872-இல் பிறந்து 1953-இல் மறைந்தவர். அவருடைய மனைவிக்கே இளவயதில் இக்கட்டிகளுக்காகக் கருப்பையை அகற்ற நேர்ந்தது. அத்தம்பதியர்க்கு மக்கட்பேறு இல்லாமற்போயிற்று. தம் இல்லத்தில் நேர்ந்த இழப்பு பிற இல்லங்களில் நேராதிருக்க அவர் வாழ்நாளெல்லாம் உழைத்தார். இருமும்போது சிறுநீர் கசிவதை ஆராயும் ஒரு சோதனையும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நான் இன்று பேசும் இரு துன்பங்களையும் ஒருசேர எண்ணியவர் அவர்.

இனி, கத்தியும் இல்லாமல் காசும் இல்லாமல் செய்யத்தக்க மருத்துவம் ஒன்று. அமெரிக்க நாட்டு மருத்துவர் அர்னால்டு கெகல் 1948-ஆம் ஆண்டில் வெளியிட்ட பயிற்சி அது. சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதாக எண்ணி, கீழ்த்தசைகளை உள்ளும் மேலுமாக இறுக்க வேண்டும். வயிற்றையோ தொடையையோ இறுக்கலாகாது, மூச்சைப் பிடிக்கலாகாது. ஐந்து எண்ணும் வரையில் பிடித்து, அவ்வளவு நேரமே தளர்த்த வேண்டும். பழகப் பழகப் பத்து வரையில் எண்ணலாம். இவ்வாறு எட்டு முதல் பத்து முறை; நாள்தோறும் மூன்று வேளை; குறைந்தது மூன்று மாதம். அடுப்பங்கரையில் நின்றும் செய்யலாம், பேருந்தில் அமர்ந்தும் செய்யலாம், எவரும் அறியார். சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுதல் மட்டும் கூடாது. அவசர வகைக்கோ, கழிப்பறைக்குப் போகும் இடைவெளியைப் பத்துப் பதினைந்து நிமிடமாக மெல்ல மெல்ல நீட்டி, ஆறு வாரமேனும் சிறுநீர்ப்பையைப் பழக்குதல் வேண்டும். காப்பி, தேநீரைக் குறைத்தல் நன்று. தண்ணீரைக் குறைத்தல் நன்றன்று. நீர் குறைந்தால் சிறுநீர் செறிந்து எரிச்சலும் தொற்றும் உண்டாகித் தொல்லை இரட்டிக்கும்.

கத்திக்கு முன் ஒரு கேள்வி

என் தமக்கையை முதலில் அழைத்துச் சென்ற தனியார் மருத்துவமனை ஒன்றில், ஸ்கேன் படத்தைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில், “நாளையே கருப்பையையும் சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும், விட்டால் புற்றாக மாறிவிடும்” என்றார்கள். நான் அச்சத்தால் தலையசைத்துவிட்டேன். கையெழுத்திடும் படிவத்தைக்கூட வாங்கிவிட்டேன். தடுத்தவர் என் மனைவி. “அக்காவின் உடம்பு, அக்காவிடம் கேட்டீர்களா?” என்றார். பிறகு அரசு மருத்துவமனை ஒன்றில் ஓர் அம்மையாரிடம் இரண்டாம் முறை காட்டினோம். அவர் அரைமணி நேரம் அமர்ந்து படம் வரைந்து விளக்கினார். முதலில் இரத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும், அவசரமில்லை, வழிகள் இவை இவை, முடிவு உங்களுடையது என்றார்.

நான்கு திங்கள் கழித்து, இரத்தம் 11 கிராமுக்கு ஏறியபின், என் தமக்கையே எண்ணிப் பார்த்துக் கருப்பையை அகற்ற இசைந்தார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்; கட்டியோ பெரியது. ஆனால் சினைப்பைகளை எடுக்க இசையவில்லை. மருத்துவரும் அதுவே நன்று என்றார். மாதவிலக்கு இயல்பாக நிற்குமுன் சினைப்பைகளை அகற்றினால் எலும்பு வலுவிழக்கும், இருதய நோய் வரும் வாய்ப்பும் மிகும் என்பதை அன்றே அறிந்தோம். முதலில் சொன்னதும் அறுவை. பின்னர் நடந்ததும் அறுவை. பின் என்ன வேற்றுமை என்று கேட்பீர்கள். அச்சத்தால் ஒப்புவது வேறு. அறிந்து ஒப்புவது வேறு. சினைப்பைகள் தப்பின; இரத்தமில்லாத உடம்பு கத்திக்கு ஆளாகாமல் தப்பியது.

அறுவைக்குப்பின் ஓயாது கழிப்பறைக்கு ஓடுவது நின்றது. ஆனால் இருமினால் கசிவது நிற்கவில்லை! கட்டி போனால் எல்லாம் போகும் என்றிருந்த நாங்கள் ஏமாற்றமடைந்தோம். அது வேறு நோய், தசைத் தளர்ச்சி என்று மருத்துவ அம்மையார் விளக்கி, கெகல் பயிற்சியைக் கற்பித்தார். நான்கைந்து மாதத்தில் பெரும்பகுதி நின்றது. இப்போது மார்கழியில் விடியற்காலையே கோயிலுக்குப் புறப்பட்டுவிடுகிறார்.

தேவையின்றிக் கருப்பை எடுக்கும் கொடுமை நம் நாட்டிற்குப் புதிதன்று. பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்கு அவ்வாறு நிகழ்ந்தது பற்றி 2013-இல் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தேவையற்ற அறுவையைத் தடுக்க நடுவண் அரசு வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. நம் கர்நாடகத்திலேயே கல்புர்கி மாவட்டத்து லம்பாணிப் பெண்கள் பலர்க்கு அவ்வாறு நேர்ந்த செய்தி 2015-இல் வெளிவந்தது. மகாராஷ்டிரத்தில் பீடு மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களின் நிலை 2019-இல் நாடெங்கும் பேசப்பட்டது. வேலைக்கு இடையூறாம் மாதவிலக்கு. ஆகவே கருப்பையே வேண்டாவாம்! மருத்துவத்தில் அறுவை தேவைப்படும் நேரம் உண்டு; அதனை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன், “வேறு வழி உண்டா? காத்திருந்தால் என்ன ஆகும்? சினைப்பைகளை விட்டுவைக்கலாமா?” என்ற மூன்று கேள்விகளைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டால் நல்ல மருத்துவர் சினங்கொள்ளார்.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

எங்கள் இரயில்வேயில் ஒரு வேடிக்கையான வரலாறு சொல்வார்கள். 1909-ஆம் ஆண்டில் ஒகில் சந்திர சென் என்ற வங்காளப் பிரயாணி, பலாப்பழம் தின்ற வயிற்றுடன் அகமதுபூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கினார். கார்டு ஊதிவிட, வண்டி நகர்ந்தது. செம்பும் கையுமாக ஓடிவந்து எல்லார் முன்னும் விழுந்தவர், சாகிப்கஞ்சு அலுவலகத்திற்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். எளிய வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை அமைவதற்கு அக்கடிதமே தூண்டுதல் என்பர். தில்லியிலுள்ள இரயில்வே அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பட்டது. நாம் அதனைப் படித்துச் சிரிக்கிறோம். ஆனால் அந்நாளில் அப்பெட்டிகளில் பெண்களும் பிரயாணம் செய்யவில்லையா? அவர்களுள் ஒருவர் எழுதிய கடிதமும் நாம் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் என் செய்தார்கள்? தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள்!

நம் பகுதியிலிருந்து கோரமங்கலத்து அடுக்கு மாளிகைகளுக்குக் காலையில் வீட்டு வேலைக்குச் செல்லும் சகோதரிகள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் தைப்பவர்கள் இருக்கிறீர்கள். காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு புறப்பட்டு, மாலை வீடு திரும்பும் வரையில் ஒரு வாய்த் தண்ணீரும் பருகாதவர் உங்களுள் எத்தனை பேர்? பெண் தொழிலாளர்க்குத் தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? நாம் தேய்த்துக் கழுவும் குளியலறையை நாம் பயன்படுத்தலாகாது என்று கூறும் வீட்டில், அதனைக் கேட்டுப் பெறுவது இழிவாகாது.

நாணத்தின் விலை

பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்ட நாணி உயிர் துறந்த காலம் ஒன்று இருந்தது. சென்னையில் வழக்கறிஞர் ஒருவரின் மனைவியாக வாழ்ந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி அக்கொடுமையைக் கேட்டு மனம் பொறாது, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். அங்கே முதன்முதலாகச் சேர்ந்த பெண்கள் நால்வருள் அவர் ஒருவர். பின்னர் இலண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை தோன்றக் காரணமானார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என வழங்குவது அதுவே; முதியோர் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்பர். அதே சென்னைக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றவர் புதுக்கோட்டை தந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கை புற்றுநோயால் இறந்ததை மறவாது, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பினார். உடன்பிறந்தாளின் துன்பத்தைக் கண்டு ஒருவர் மருத்துவமனை கட்டினார். என்னால் ஒரு சொற்பொழிவுதான் ஆற்ற முடிகிறது.

நம் பெங்களூரில் நமக்கு என்ன குறை? 1935-இல் திறக்கப்பட்ட வாணி விலாஸ் மருத்துவமனை பெண்களுக்கும் குழந்தைகளுக்குமே உரியது. சிவாஜிநகரில் போரிங்–லேடி கர்சன் மருத்துவமனை இருக்கிறது. கோரமங்கலத்தில் நமக்கு மிக அண்மையில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. பெண் மருத்துவர்கள் நிறைந்த நகரம் இது. கன்னடம் சரளமாக வராதே என்ற தயக்கம் சிலர்க்கு இருக்கலாம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். நோவுக்கு மொழி இல்லை.

எப்போது போக வேண்டும் என்பதைச் சுருங்கச் சொல்கிறேன். மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், மணிக்கு ஒரு துணி மாற்றும்படி போனாலும், கட்டி கட்டியாக விழுந்தாலும் போக வேண்டும். காரணமின்றி மூச்சு வாங்கினாலும், அடிவயிறு பெருத்தாலும், இரவில் மீண்டும் மீண்டும் எழ நேர்ந்தாலும், சிறுநீர் கசிந்தாலும் போக வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆனபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் காலந்தாழ்த்தாது போக வேண்டும். அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். சிறுநீரில் இரத்தம் கண்டாலும், சிறுநீர் அறவே இறங்காமற்போனாலும் அன்றே போக வேண்டும்.

நான்காவது உறுப்பு

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என்று மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைத் திருவள்ளுவர் வகுத்தார். ஆடவர்களே, அந்த நான்காவது உறுப்பு நாம்தான். நம் தாய், மனைவி, தமக்கை, தங்கை, மகள் ஆகியோரின் வேதனைக்கு நாம் மருந்து தர இயலாது. ஆனால் சில எளிய செயல்களைச் செய்ய இயலும். அடிக்கடி கழிப்பறைக்குச் சென்றால் முகம் சுளிக்காதிருக்கலாம். பிரயாணத்தில் வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று நாமே கேட்கலாம். முகம் வெளுத்திருந்தால் ‘வேலை மிகுதி’ என்று விடாமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லலாம். மருத்துவர் அறைக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டு, அவர்கள் விரும்பினால் உள்ளே சென்று உடன் அமரலாம்.

நம் சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒரு நாள், மகளிர் மருத்துவர் ஒருவரை அழைத்து, பெண்கள் மட்டும் கூடும் கூட்டம் ஒன்றை நடத்த வேண்டும். அன்றே இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். மற்றொன்றும் கேட்கிறேன். நம் விழா நடைபெறும் இம்மண்டபத்தில் பெண்களுக்கான கழிப்பறை ஒன்றே உள்ளது. அதன் தாழ்ப்பாளும் சரியில்லை என்று என் தமக்கை கூறுகிறார். அடுத்த ஆண்டு தோரணத்திற்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை அதற்குச் செலவிடுவோம்.

பேச்சை முடிக்குமுன் ஒரு கடனைத் தீர்க்க வேண்டும். கன்டோன்மென்ட் நிலையத்தில் எல்லார் முன்னிலையிலும் என் தமக்கையைக் கடிந்தேன். பின்னர் வீட்டில் தனியே மன்னிப்புக் கேட்டேன், அது போதாது. பலர் முன் இழைத்த பிழைக்குப் பலர் முன்னரே மன்னிப்புக் கேட்பதுதான் முறை. அவர் இந்த அவையில்தான் அமர்ந்திருக்கிறார். எங்கே என்று சொல்ல மாட்டேன். அக்கா, என்னை மன்னித்துவிடுங்கள்.

 வாழ்க தமிழ்! வாழ்க நம் தாய்க்குலம்!